ஒரு முகம் போய்ச் சேரும் வேகம்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். புதிதாக ஃபைபர் இணைப்பு எடுக்கப் போகிறார்களாம். எந்த நிறுவனத்தின் இணைப்பு நல்லது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களாம். "மிஸ், முந்தி நீங்கதான புரோட்பேண்ட் எல்லாம் பாத்து எடுத்தது? எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாள். பிறகு ஞாபகம் வந்தது போல, "இன்னொண்ணு மிஸ். நம்ம ஆபீஸ ஏன் இந்த ஹார்ட்வெயார் கடைக்கு மேல கொண்டாந்து வச்சீங்க? படி ஏறி வர்றதுக்குள்ள வயசானவங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள்.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். தொலைபேசியில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. "மழை நேரத்தில ஒருக்கா பாவிச்சுப் பாத்திட்டு எடுங்கோ" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு, மிச்சத்தைச் சொல்ல வீட்டில் வேறு ஆளில்லாததால் எழுத உட்கார்ந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கத்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தட்டச்சும் கொஞ்சம் ஆங்கிலமும் தெரிந்த ஒருத்தி என்ற தகுதியோடு மலைநாட்டுப் பதுளைக்கு வந்தேன். சில மாத வேலை என்றுதான் சொன்னார்கள். அதற்குள் சண்டையால் ஊருக்குப் போகும் பாதை மூடப்பட்டது. திறந்தது, மறுபடி மூடப்பட்டது. தம்பிமார் இருவரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அம்மா ஊரிலேயே இருந்தா. அம்மா செத்துப்போன செய்தி என் கைக்கு வந்தபோது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. கடைசியாக அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்று தம்பிமாரிடம் கேட்கவும் முடியாது. அவர்களும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பதுளையை விட்டு எங்கே போவதென்று எனக்குத் தெரியவில்லை. ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். இருந்தபடியே வயது போனது.

எங்களுடையது சின்ன அலுவலகம். பணிப்பாளர், நான், தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்வர ஓர் உத்தியோகத்தர், அவ்வளவுதான். தோட்டத்துச் சனத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எடுத்துக் கொடுப்பதில் தொடங்கியது. பிறகு வீட்டு வேலைக்கு வெளிநாடு போன பெண்களின் சம்பளம், அடி உதை, காணாமற்போனது என்று முறைப்பாடுகள் வரத் தொடங்கின. அப்போது அலுவலகம் டவுனிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகும் பாதையில், மேட்டில் ஒரு பழைய வீட்டில் இருந்தது. தோட்டத்திலிருந்து வரும் பஸ் வாசலிலேயே நிற்கும். கைப்பிள்ளையோடு வருகிறவர்களும் கிழவிகளும் இறங்கி நேரே உள்ளே வந்துவிடுவார்கள்.

பணிப்பாளர் திரு. அந்தோனிமுத்து ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்து படித்து வந்தவர். ஒரு கடிதத்தை அவர் உட்கார்ந்தபடி வாசித்து நான் கண்டதில்லை. எழும்புவார், ஜன்னலோரம் போவார், மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பார், பிறகு சத்தமாக வாசிப்பார். நான் அடித்த கடிதமென்றால் வாசித்து முடித்தபின் ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டுவார். "இந்த 'மேற்படி விடயம்' வேணாம். வாசிச்சுக் காட்டினா அந்தம்மாவுக்கு வெளங்கணும்" என்பார். நன்றாயிருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. திருத்தம் இல்லாவிட்டால் கையெழுத்து வைப்பார், அதோடு சரி. தொலைபேசிக்கு ஒரு குட்டிப் பூட்டுப் போட்டு, சாவியைக் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்த்துத் தொங்கவிட்டிருந்தார். ஆனால் வந்தவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து, தன் கையால் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பார். நான் வந்த புதிதில் எனக்கும் அப்படித்தான் ஊற்றிக் கொடுத்தார். அந்த வீட்டில் நான் தனியாக இருப்பதாக நினைத்ததே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்களுக்குப் பண உதவி செய்த வெளிநாட்டுக்காரர்கள் அறிக்கையெல்லாம் மின்னஞ்சலில் வரவேண்டும் என்றார்கள். ஒரு கணினியும் மோடமும் வந்தன. பூட்டுச் சாவி என் கைக்கு வந்தது அப்போதுதான். வேலை இப்படி: காலையில் கடிதங்களையெல்லாம் இணைப்பு இல்லாமலே அடித்து வைக்க வேண்டும். அவர் ஜன்னலோரம் நின்று வாசித்துச் சரி சொல்ல வேண்டும். பிறகு, இனி யாரும் தொலைபேசியைத் தொடவேண்டாம் என்று அறிவித்துவிட்டு மோடத்தைப் போட வேண்டும். அது கீச்சிட்டு, உறுமி, தொண்டையைச் செருமி இணைந்ததும் அனுப்புவதை அனுப்பி, வந்ததை எடுத்துக்கொண்டு உடனே துண்டிக்க வேண்டும். மழையென்றால் இதில் ஒன்றும் நடக்காது. பதுளையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை இல்லாத பின்னேரம் அபூர்வம். கம்பி இரையும், இணைப்பு அறும், மறுபடி தொடக்கத்திலிருந்து. எழுத்து மட்டுமே போய்வந்த வரைக்கும் அது போதுமாக இருந்தது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் ஒரு படம் வந்தது.

அதற்கு முதல் மாரியாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்பிரிங்வெளியில் கொழுந்து எடுக்கிறவர். கணவர் இல்லை. ஒரே மகள் புஷ்பம், ஓர் ஏஜென்டின் பேச்சைக் கேட்டு வேறொருத்தியின் பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டில் வளைகுடா நாடொன்றுக்குப் போனவள். முதல் சில மாதம் பேசினாள், பிறகு சத்தமே இல்லை. ஏஜென்டும் ஆளில்லை. பெயரே வேறாக இருக்கும்போது எந்தத் தூதரகத்தில் யாரென்று தேடுவது? மாரியாயி லீவு கிடைக்கும் போதெல்லாம் பஸ்ஸில் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, "ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

அந்த நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் லிசி என்ற கேரளத்துத் தாதி இருந்தார். அவரிடமிருந்து, அங்குள்ள ஒரு தொண்டு அமைப்பு மூலமாக எங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மாடியிலிருந்து விழுந்ததாகச் சொல்லி ஒரு பணிப்பெண்ணை யாரோ கொண்டுவந்து விட்டுப் போய்விட்டார்கள். எலும்புகள் கூடிவிட்டன. ஆனால் அவள் பேசுவதில்லை. காய்ச்சலில் ஒருமுறை 'பதுளை' என்று சொன்னது மட்டும் லிசியின் காதில் விழுந்திருக்கிறது. கையிலிருந்த பத்திரத்தின் பெயரில் கூப்பிட்டால் திரும்பியும் பார்ப்பதில்லை. படம் பார்த்து அடையாளம் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். படத்தை ஓர் இணையப் பக்கத்தில் போட்டு அதன் முகவரியை எழுதியிருந்தார்.

நாங்கள் மாரியாயிக்குச் சொல்லியனுப்பினோம். அவர் மலையிலிருந்து இறங்கி வந்து சேர்ந்தபோது பின்னேர மழை பிடித்துவிட்டது.

படம் மேலிருந்து கீழாக, கீற்றுக் கீற்றாக இறங்கியது. முதலில் சுவர். பிறகு கட்டிலின் இரும்பு. பிறகு ஒட்ட வெட்டிய தலைமுடி, நெற்றி. அங்கே இணைப்பு அறுந்தது.

"நெத்தி எம்புள்ள நெத்திதாங்க" என்றார் மாரியாயி.

மறுபடி போட்டேன். சுவர், இரும்பு, முடி, நெற்றி, புருவத்தின் மேல்விளிம்பு. அறுந்தது. மறுபடி போட்டபோது முடியோடு நின்றுவிட்டது. மாரியாயி ஈரச் சேலையோடு என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒவ்வொரு தடவை நெற்றி வரும்போதும் அந்தப் பிடி இறுகுவது எனக்குத் தெரிந்தது. வாசலில் பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. அதை விட்டால் தோட்டத்துக்கு வேறு பஸ் இல்லை.

"நாளைக்கு வாங்கம்மா. காலையில கம்பி நல்லாருக்கும்" என்றார் பணிப்பாளர்.

"கண்ண மட்டும் பாத்துட்டுப் போறேனேங்க."

"வராதும்மா. மழை விடாது."

ஒரு நெற்றியை மட்டும் பார்த்துவிட்டு அவர் பஸ் ஏறினார்.

மறுநாள் காலை வானம் வெளித்திருந்தது. அவர் காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். படம் இறங்கியது. புருவத்தைத் தாண்டி, கண்களைத் தாண்டி, மூக்கு, வாய், நாடி, எல்லாம் வந்து முழுமுகமாக நின்றது. இருபது வயது இருக்கும். கண்கள் நேரே பார்த்தன, ஆனால் எதையும் பார்க்கவில்லை.

மாரியாயி கனநேரம் பார்த்தார்.

"இல்லங்க" என்றார்.

பணிப்பாளர் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார். மாரியாயி அதை வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். நான் படத்தை மூடப் போனேன். "இருக்கட்டும் மிஸ், மூடாதீங்க" என்றார். பிறகு, "இதுக்கும் ஒரு ஆத்தா இருப்பால்ல? நம்மள மாதிரி எங்கயாச்சும் போய்க் கேட்டுக்கிட்டு நிப்பா" என்றார்.

லிசிக்கு எழுதினோம். அவளோடு தொலைபேசியில் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டோம். லிசி ஏற்பாடு செய்தார். ஆனால் ரிசீவரைக் காதில் வைத்ததுமே அவள் நடுங்கி அதைத் தட்டிவிட்டாளாம். எந்த வீட்டில் எந்தத் தொலைபேசியால் அவளுக்கு என்ன நடந்ததோ, தெரியாது. முகங்களை மட்டும் பார்க்கிறாள், ஆஸ்பத்திரியில் தொண்டு அமைப்பின் கணினி ஒன்று கமராவோடு இருக்கிறது, உங்களிடம் வசதி இருந்தால் தமிழ் பேசும் ஒரு முகத்தை அவளுக்குக் காட்டலாம் என்று லிசி எழுதினார்.

நான் அதை வாசித்துச் சொன்னபோது மாரியாயி பெஞ்சில்தான் இருந்தார். "நான் பேசட்டுங்களா?" என்றார்.

எங்கள் கம்பியில் எழுத்தே மழையில் அறுகிறது. முகம் எப்படிப் போகும்? டவுனில் இன்டர்நெட் கடை ஒன்றுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரே இணைப்பை எல்லாக் கணினிகளுக்கும் பங்கிட்டு வைத்திருந்தார்கள். லிசியின் முகம் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. பக்கத்தில் பெடியன்கள் விளையாட்டுப் போட்டுச் சத்தம் வைத்துக்கொண்டிருந்தார்கள். பணிப்பாளரிடம் சொன்னதும், "கடைக்குள்ள வச்சு ஒரு பொண்ண அழவிட ஏலாது. நம்ம ஆபீஸுக்கே ஒண்ணு எடுங்க" என்றார். அதுவரை கணினியைக் கண்டாலே தள்ளி நின்றவர் அவர்.

அப்படித்தான் இணைப்புத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது. விற்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். எத்தனை மடங்கு வேகம், எத்தனை பாட்டு எத்தனை நிமிடத்தில் இறங்கும் என்று அச்சடித்த தாளைக் காட்டினார்கள். அப்போது புதிதாக வந்திருந்த கம்பியில்லாத் தொலைபேசியை ஒருவர் கொண்டுவந்து வைத்தார். ஜன்னல் கட்டையில் வைத்தால் வேலை செய்தது, மேசைக்குக் கொண்டுவந்தால் செத்தது. எதிர்மலையில் பனி இறங்கினால் ஜன்னலிலும் செத்தது. வானத்துச் செய்மதியிலிருந்து எடுக்கும் தட்டு ஒன்றைக் கூரையில் போடலாம் என்றார் இன்னொருவர். அதன் விலையைக் கேட்டதும் எங்களுக்குப் பண உதவி செய்தவர்கள் மறுத்துவிட்டார்கள். மிஞ்சியது தொலைபேசிக் கம்பியிலேயே வரும் புரோட்பேண்ட்.

அதைச் சோதிக்க விமலசேன என்ற தொழில்நுட்பர் வந்தார். நடுவயது, மெதுவான ஆள். தன் கருவியைக் கம்பியில் மாட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மிஸ், இந்த வயர் ரொம்ப தூரம் வருது. எக்ஸ்சேஞ்ச்ல இருந்து இங்க வாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "வாங்க, காட்றேன்" என்று கூட்டிக்கொண்டு போனார். இருவரும் கம்பியைப் பார்த்தபடி கம்பம் கம்பமாக டவுன் வரை இறங்கி நடந்தோம். எத்தனையோ இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. ஓரிடத்தில் ஒட்டின்மேல் பொலித்தீன் பையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், அதற்குள் தண்ணீர் நின்றது. மாரியாயி அந்தப் பின்னேரம் நெற்றியோடு திரும்பிப் போனது இதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

நடக்கும்போது அவரிடம் கேட்டேன், டவுனுக்குள் என்றால் முகம் நன்றாகத் தெரியுமா என்று.

"அவங்க மொகம் தெரியும் மிஸ். ஒங்க மொகம் அங்க போகணுமா?"

"அதுதானே முக்கியம்?"

"அப்ப இந்தத் தாள்ல போட்டிருக்கிற வேகத்தப் பாக்க வேணாம். இது எறங்கிற வேகம். ஏறுற வேகம் வேற, அது கொஞ்சம். அத யாரும் எழுத மாட்டாங்க. நீங்க கேட்டு வாங்கணும்."

எனக்கு அதுவரை அப்படி ஒரு வித்தியாசம் இருப்பதே தெரியாது. அதன் பிறகு புரோட்பேண்ட் வைத்திருந்த கடை, அரசாங்கக் கந்தோர் எல்லாவற்றுக்கும் போய்க் கேட்டேன். ஏறும் வேகம் எவ்வளவு? மழையில் நிற்குமா? பழுதானால் யார் வருவார்கள், எத்தனை நாளில்? பின்னேரம் எல்லோரும் பாவிக்கும் நேரத்தில் எப்படி? ஒரு துணிக்கடை முதலாளி சிரித்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து நானே பார்க்கும்படி விட்டார். கடைசியில் தெரிந்தது இதுதான்: தொலைபேசி நிலையத்துக்குக் கிட்ட, பஸாரின் பின்தெருவில் ஓர் அறை கிடைத்தால் முகம் போகும். மேட்டு வீட்டிலிருந்து போகாது. அந்தத் தெருவில் காலியாக இருந்தது ஒரேயொரு அறை, ஹார்ட்வெயார் கடைக்கு மேலே.

பணிப்பாளரிடம் சொன்னேன். அவர் எழும்பி ஜன்னலோரம் போனார். கையில் கடிதம் இல்லை, ஆனாலும் கண்ணாடியைத் துடைத்தார்.

"பஸ் நிக்கிற எடத்த விட்டுட்டு எங்க போறது மிஸ்? அந்தப் படியில யாரு ஏறுவா?"

"அறிக்கை அனுப்பவும் வேணும், சேர். இனி எல்லா வழக்கும் இப்பிடித்தான் வரும். முகம் பாக்காமல் ஒண்டும் செய்யேலாது."

"முகம் பாக்கத்தான் இங்க இருக்கோம்."

அவர் என்னோடு குரல் உயர்த்தியது அந்த ஒரு நாள்தான். நானும் விடவில்லை. அம்மாவின் முகத்தைப் பற்றி நான் அவரிடம் அதுவரை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனால் என் குரல் உடைந்தது, அவர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த முறை மாரியாயி வந்தபோது அவரிடமே கேட்டார். "ஆபீஸ டவுனுக்குக் கொண்டு போனா வருவீங்களாம்மா?"

"நான் வருவேங்க. எங்க வச்சாலும் வருவேன்." கொஞ்சம் யோசித்து, "ஆனா வயித்துப்புள்ளக்காரிக வரமாட்டாளுக. கெழடுக வராது. பஸ்ஸுல இருந்து எறங்கி அம்புட்டுத் தூரம் நடந்து, அப்புறம் படியும் ஏறணும்னா வேணாம்னு இருந்துருவாக" என்றார்.

பணிப்பாளர் சொன்னது, நான் சொன்னது இரண்டும் சரி என்று ஆகிவிட்டது. அடுத்த கிழமை ஒரு காலை, பணிப்பாளர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, "நீங்க கம்பியோட போங்க மிஸ். நான் பஸ்ஸோட இருக்கேன்" என்றார்.

அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. கணினியும் நானும் ஹார்ட்வெயார் கடைக்கு மேலே போனோம். பெஞ்சும் தேத்தண்ணீர்ப் போத்தலும் அவரும் உத்தியோகத்தரும் மேட்டில் இருந்தார்கள். விமலசேன வந்து புதுக் கம்பி இழுத்து, மோடப் பெட்டியில் பச்சை வெளிச்சம் நிலையாக எரியும்வரை நின்று பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் அறை நிசப்தமாகிவிட்டது. கீழே ஆணி நிறுக்கிற சத்தமும் இரும்புக்கம்பி இழுபடும் சத்தமும் மட்டும் கேட்டன. நான் கேட்டதெல்லாம் எனக்குக் கிடைத்திருந்தது. மதியம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தபோது, இத்தனை வருடத்தில் முதன்முறையாக வேலை நேரத்தில் தனியே சாப்பிடுகிறேன் என்பது உறைத்தது.

அந்தக் கிழமையே மாரியாயியைக் கூட்டிவந்து கணினியின் முன் உட்காரவைத்தேன். நல்ல சேலை உடுத்தி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். லிசி அவளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். திரையில் அவள் முகம் அசைந்தது. உறையவில்லை. முதலில் நான் பேசினேன். "தங்கச்சி, நாங்கள் பதுளையில இருந்து கதைக்கிறம். பயப்பிடாதேங்கோ. உங்கட பேர் என்ன?" அவள் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தாள். தமிழ்தான், ஆனால் என் தமிழ் அவளுக்கு இன்னொரு நாட்டுப் பேச்சாகக் கேட்டிருக்க வேண்டும்.

நான் கதிரையை மாரியாயிக்கு விட்டேன். அவர் திரையில் தெரிந்த முகத்தைப் பார்த்துப் பேசினார், கமராவைப் பார்க்கவில்லை. "மேல இருக்கிற கண்ணாடியப் பாத்துக் கதையுங்கோ" என்றேன். "புள்ள இங்க இருக்கு, நான் எதுக்குங்க அதப் பாக்கணும்?" என்றார். நான் கமராவைக் கழற்றி, றப்பர் பட்டியால் திரையின் நடு உயரத்துக்குக் கொண்டுவந்து கட்டினேன். அவளுடைய முகத்தில் பாதியை அது மறைத்தது. மாரியாயி தலையைச் சாய்த்துச் சாய்த்து மிச்சப் பாதியைப் பார்த்தபடி பேசினார்.

பெயரோ ஊரோ அவர் கேட்கவில்லை. "சாப்புட்டியா தாயி? என்னா குடுத்தாங்க? ரொட்டியா? சம்பல் இல்லாம எப்படித் திங்கிற?" என்றார். மலையில் மழை, கொழுந்து முத்திக் கிடக்கிறது, பக்கத்து லயத்தில் ஆடு குட்டி போட்டது என்றார். "தலைய யாரு தாயி இப்படி வெட்டுனது? கருகருன்னு இருந்திருக்குமே" என்றார்.

அவளுடைய கை மெல்ல எழும்பித் தலையைத் தடவியது. லிசி பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று அவ்வளவுதான். ஆனால் லிசி மறுபடி அவளைக் கூட்டிவந்தார், மாரியாயி மறுபடி வந்தார். நாட்சம்பளத்தை விட்டு வருகிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு பின்னேரம், வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பச்சை வெளிச்சம் அசையாமல் எரிந்தது. மாரியாயி தான் வந்த பஸ்ஸின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கொண்டக்டர் இடம் வருவதற்கு முன்னாலேயே இறக்கிவிட்டானாம், நனைந்துவிட்டாராம். சொல்லிக்கொண்டே போகிற போக்கில், "நீ எங்க தாயி எறங்குவ?" என்று கேட்டார்.

"கோயில் வளைவு" என்றாள் அவள்.

அவ்வளவு கரகரத்த குரல். மாரியாயி எதுவும் நடக்காதது போல, "அது எங்கிட்டு?" என்றார்.

"ஹல்துமுல்லையத் தாண்டி. கீழ இறங்கி நடக்கணும். எங்கம்மா டோர்ச் எடுத்துக்கிட்டு வரும்." அதைச் சொன்னதும் அழத் தொடங்கினாள். மாரியாயி திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

நான் பணிப்பாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிக்குமுன், "அந்த வளைவு தெரியும்" என்றார். மறுநாள் அவரே பஸ் ஏறிப் போனார். இரண்டு தோட்டம் விசாரித்து லயத்தைக் கண்டுபிடித்தார். பெயர் ராஜகுமாரி. தாய் அவளுக்காக ஏறாத கந்தோர் இல்லை. தாயைக் கூட்டிவந்து அந்த மேல்மாடி அறையில் உட்காரவைத்தோம். தாயும் மகளும் முகம் பார்த்தபோது நான் கீழே இறங்கித் தெருவில் நின்றேன். பத்திரங்கள் சரியாகி அவள் ஊர் வந்து சேர மேலும் மாதங்கள் சென்றன. வந்தாள். நொண்டி நொண்டி, தாயின் தோளைப் பிடித்து, அந்தப் படிகளில் ஏறி வந்தாள். மாரியாயியைக் கண்டதும் காலில் விழப் போனவளை அவர் தூக்கி அணைத்துக்கொண்டார். முடி வளர்ந்திருந்தது. அதைக் கோதிக்கொடுத்தபடி அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"அங்க எங்க புஷ்பத்த எங்கயாச்சும் பாத்தியா தாயி?"

ராஜகுமாரி தலையை ஆட்டினாள். வெளியில் விட்டதே இல்லையாம். ஒரு ஜன்னல் இருந்ததாம், அதற்கும் சீலை போட்டிருந்தார்களாம்.

அதற்குப் பின் அந்த இணைப்பால் வேறு சில காரியங்களும் நடந்தன. இரண்டு பெண்களின் சம்பளப் பாக்கி வந்தது, ஒருத்தி சிறையிலிருந்து வெளியே வந்தாள். மாரியாயி சொன்னதும் நடந்தது. படியேறி வர முடியாதவர்கள் மேட்டு வீட்டுக்கே போனார்கள். அவர்களில் ஒருவரையும் நான் அதன் பிறகு காணவில்லை, அவர்களுடைய விவரங்கள் மட்டும் பஸ் கொண்டக்டர் கையில் எனக்கு வரும். வேலை முடிகிற நேரத்தில் பணிப்பாளர் தொலைபேசியில் கூப்பிடுவார். "கம்பி நல்லாருக்கா மிஸ்?" என்பார். "நல்லா இருக்கு சேர்" என்பேன். "சரி" என்று வைத்துவிடுவார். சில வருடங்களில் அவருக்கு நெஞ்சுநோய் வந்து, மகனோடு இருக்கப் போய்விட்டார். மேட்டு வீட்டை மூடினோம், பெஞ்சை டவுனில் மாடி அறைக்குக் கொண்டுவந்தோம். கொஞ்ச நாளைக்கு அந்த நேரம் வந்தால் என் கை தொலைபேசிப் பக்கம் போகும். தம்பிமார் கனடாவிலிருந்து அதே இணைப்பில் முகம் காட்டினார்கள். அவர்களின் பிள்ளைகள் 'ஹாய் அத்தை' என்று சொல்லிவிட்டு விலகிப் போனார்கள்.

மாரியாயி மட்டும் விடாமல் வந்தார். மாதத்தில் ஒரு நாள், ஞாயிறு சேர்ந்த லீவு என்றால் இரண்டு நாள். ஏதாவது வந்ததா என்று இப்போது அவர் கேட்பதில்லை. "அங்க யாராச்சும் பேசாமப் படுத்திருக்காங்களான்னு கேட்டுப் பாருங்க மிஸ். நான் பேசுறேன்" என்பார். நான் லிசிக்கு எழுதுவேன். லிசி பதில் போடுவார்: இப்போது யாருமில்லை, ஆனால் அம்மாவுக்கு என் அன்பு. அதை வாசித்துச் சொல்வேன். இரண்டு தடவை உண்மையாகவே ஆள் இருந்தது. மாரியாயி பேசினார். ஒருத்தி வேறு மொழிக்காரி, அவளோடும் பேசினார்.

நான் ஓய்வுபெறப் போகும் வருடத்தில் லிசி ஆஸ்பத்திரி வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அவருடைய முகவரிக்குப் போட்ட கடிதம் திரும்பி வந்தது. அந்த அமைப்பும் மூடப்பட்டிருந்தது. அடுத்த முறை மாரியாயி வந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படியேறி, மூச்சு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்தபோது, ஒளிக்காமல் சொன்னேன். "லிசி மிஸ் இனி அங்க இல்லை, மாரியாயி அம்மா. அங்க கேட்க எங்களுக்கு ஆளில்லை."

அவர் கணினியைப் பார்த்தார். பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"அப்ப இன்னிக்குச் சும்மா ஒக்காந்துட்டுப் போறேங்க" என்றார்.

நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். எனக்கும் ஊற்றிக்கொண்டு, என் கதிரையை விட்டு வந்து பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே கடையில் யாரோ தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை. அன்று அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு அறையைப் பூட்டி, அவரைக் கையைப் பிடித்துப் படியிறக்கி, பஸ் நிலையம் வரை கூட நடந்தேன். ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பஸ் கிளம்பும்போது அவர் கண்ணாடியைத் தள்ளி, "போயிட்டு வர்றேன் மிஸ்" என்றார்.

"வாங்கோ" என்றேன்.